விழுந்ததை எடுக்கலாம் என்றேன்

வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சனங்கள் எங்கள் வளவுக்கு அடுத்த தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்த காலம். அந்த வருசம்தான் என்னுடைய கறுத்தக்கொழும்பான் மாமரம் முதன்முதலாக ஒழுங்காகக் காய்த்தது. நான் கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் என் சொல் கேட்டது அந்த மரம் ஒன்றுதான். என் மனுசனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பகலில் காகமும் அணிலும், இருட்டினால் வௌவால். மனுசன் களப்புக்கு மீன் பிடிக்கக் கொண்டுபோகிற வலையில் கிழிந்துபோன ஒன்றை மரத்தின் மேல் போர்த்தினேன். கைக்கு எட்டின காய்களுக்குத் தென்னோலையில் கூடு பின்னிக் கட்டினேன். காகம் தோற்றது, வௌவால் தோற்றது. மரநாய் தோற்கவில்லை. கூட்டைப் பல்லால் பிரித்து, பழுத்த பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு, மீதியை எனக்கென்று விட்டுவிட்டுப் போகும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு நொட்டை பார்க்கமாட்டார்கள்.

மனிதர்களுக்கு நான் வலை கட்டவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மரத்தில் இருப்பது வீட்டுக்காரருக்கு, மண்ணில் விழுந்த பழம் எடுத்தவருக்கு. கொட்டில் சனங்கள் வந்த புதிதில் விழுந்த பழத்தைக் கண்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். வேலியோரக் கொட்டிலில் மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். புருசன் உப்பளத்துக்குக் கூலிக்குப் போவான். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இஞ்ச புள்ள, மரத்துல கைய வெச்சாத்தான் நான் பேய். கீழ விழுந்தது உங்கட. கேக்கத் தேவல்ல."

"ஹலாலா மாமி?"

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றன். எடு."

பிறகு காலையில் அந்தச் சின்னவள் வேலிக்குள் நுழைந்து, விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஒரு கிழமையில் மரநாய் பத்துப் பழம் தின்றது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மனுசன் சொன்னார், "அதுக்கும் வயிறு இரிக்கி தானே. உடு."

"உங்கட வயித்துக்கு ஆக்கிப் போட்டே நான் களைச்சிட்டன்," என்றேன்.

ஒரு நாள் அந்தியில், மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் நல்லாகக் கனிந்த பழம் ஒன்றைக் காம்புப் பக்கம் துளைத்து, எலி மருந்தை அடைத்து, மரத்தடியில் வைத்தேன். தானாக விழுந்ததுபோல இருக்கட்டும் என்று மேலே ஒரு பழுத்த இலையையும் போட்டேன். மிச்சம் இருந்தால் வெளிச்சம் வரும் முன்னே எடுத்துவிடுவது என்பதுதான் எண்ணம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன். கண் விழிக்கும்போது வெயில் வந்துவிட்டது.

பழம் இல்லை. சந்தோசத்தோடு, செத்த மரநாயைத் தேடினேன். கிணற்றடியில் இல்லை, வேலியோரம் இல்லை. திரும்பி வரும்போதுதான் மரத்தடி மணலைப் பார்த்தேன். சின்னக் கால் தடம். மனிதக் கால்.

முக்காடுகூட இல்லாமல் ஓடினேன். கொட்டில் வாசலில் சின்னவள் பழத்தை மடியில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். பாய்ந்து பறித்தேன். பிள்ளை அலறியது. தாய் வெளியே வந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

"விழுந்த பழம்தானே மாமி," என்றாள் தாய். "ஒரு பழத்துக்கா புள்ளைக்கிட்டப் பறிக்கிறீங்க?"

வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தால் கஞ்சப் பேய் என்ற பெயரோடு போயிருக்கும். மனசு அதைத்தான் சொல்லித் தந்தது. ஆனால் பிள்ளை நக்கியிருந்தால்?

"புள்ள வாய் வெச்சதா? சொல்லு, வாய் வெச்சதா?"

"இல்ல மாமி. எனக்கு இண்டைக்குக் களா நோம்பு. நோம்பு தொறக்கக்குள்ள ரெண்டு பேரும் வெட்டித் திம்பம் எண்டு சொல்லி வெச்சிருந்தன். ஏன்?"

ரமழானில் விட்டுப்போன நோன்பை அவள் அன்றைக்குத் திருப்பிப் பிடித்திருந்தாள். பிள்ளையும் தாய்க்காகப் பொறுத்திருந்தது.

"மருந்து வெச்ச பழம்," என்றேன். "மரநாய்க்கு."

அவள் பிள்ளையின் வாயைப் பிளந்து, நாக்கின் அடிவரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள். அதன் கையைக் கழுவிவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"விழுந்தத எடுக்கச் சொன்னதும் நீங்கதானே மாமி. மரநாய்க்குத்தானா வெச்சீங்க?"

சத்தியம் பண்ணினேன். அவள் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மஃரிப் பாங்கு சொல்லும்வரைக்கும் கொட்டில் வாசலில் குந்தியிருந்து பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சொல்லியனுப்பியபடி மனுசன் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். அவள் அதைத் தொடாமல் தண்ணீரில் நோன்பு திறந்தாள்.

அடுத்த நாள் மரத்தடியில் விழுந்த பழம் ஒன்றை அவள் வாசலுக்கே கொண்டுபோய், அவள் கண் முன்னால் கடித்துத் தின்றேன். சாறு முழங்கை வரைக்கும் ஒழுகியது. வழமையாக என்னைக் கண்டால் சிரிக்கிற பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் சொல்ல ஒரு பகிடி வரவில்லை. சின்னவள் ஓரடி முன்னுக்கு வந்தாள். தாய் அவள் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு கொட்டில் பக்கத்திலிருந்து ஒரு கால் தடமும் என் மணலில் விழவில்லை. மிச்ச எலி மருந்தைக் குழி தோண்டிப் புதைத்தேன். வலையையும் இறக்கினேன். விழுந்த பழங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன, எறும்பு மொய்த்தது. மரநாய் மட்டும் வந்துபோனது. அதற்கு மரத்தில் ஏறும் வேலைகூட இருக்கவில்லை.