திருகாணிக்கு வைத்த பொட்டு

வேலணையில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு, கடற்தொழில் செய்யும் அண்ணை ஒருவர் மூன்றாம் முறையாக வந்தார்.

"தங்கச்சி, நீர் செய்து தந்த வள்ளத்து லைட் திரும்பவும் மங்கி எரியுது. உது பொம்பிளையளுக்குச் சரிவராத வேலை."

விளக்கின் போர்டைக் கழற்றினேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிம்மர், உளுந்தளவு திருகாணி. அது அசையாதிருக்க நான் பூசிய சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சு வெடித்திருந்தது. சரிசெய்து திரும்பப் பூசவென்று போத்தலைத் திறந்தேன். மணம் மூக்கில் ஏறியதும் நினைவில் அம்மா வந்து நின்றார்.

தீவில் கரண்ட் இல்லாத காலம். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்க அம்மா தானே ஒரு போர்ட் செய்திருந்தார். அப்பா செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவின் கையில் கியூட்டெக்ஸைக் கண்டதும் பெரியப்பா பாய்ந்தார்.

"தாலியறுத்தவளுக்கு உது என்னத்துக்கு?"

"எனக்கில்லை அத்தான், திருகாணிக்கு. ஆரும் திருப்பினால் பூச்சு வெடிச்சுக் காட்டிக்குடுக்கும்."

இரண்டாம் நாள் றேடியோ கரகரத்தது. "பழுதாக்கிப்போட்டாள்" என்று ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கேட்கப் பெரியப்பா கத்தினார். அம்மா போர்டின் மூடியைத் திறந்து, வெடித்த பொட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"திருப்பினது ஆர், அத்தான்?"

பெரியப்பா படியிறங்கிச் செருப்பைத் தேடினார். அம்மா திருகாணிக்குப் புதுப் பொட்டு வைத்தார். போத்தலில் மிஞ்சியதைத் தன் பத்து நகங்களுக்கும் ஆறுதலாகப் பூசினார்.

நான் போர்டைத் தூக்கி அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"திருப்பினது ஆர், அண்ணை?"

அவரும் செருப்பைத்தான் தேடினார்.