யானை நின்ற நேரம் கணக்கில் வராது

சூரியநெல்லி எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்த இந்து என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவள் அம்மாவுக்கே இன்னும் பிடிபடவில்லை. டாக்டர் என்றால் ஊசி இல்லை, டீச்சர் என்றால் பிரம்பு இல்லை. பேச்சு வராத பிள்ளைகள் வேண்டியதைக் கேட்கப் படிப்படியாகப் பழக்குகிற நடத்தைப் பகுப்பாய்வாளர் அவள். அந்த வேலைக்குப் படிப்பவர்களைக் கண்காணித்து, அவர்கள் உழைத்த மணிகளுக்கு மாதந்தோறும் கையெழுத்தும் போடுவாள். பொய்க்குக் கையெழுத்திட்டால் அவள் பிழைப்பே போய்விடும்.

மாதக் கடைசி நாள், சித்திரபுரம் மையத்தில் தன்னிடம் பயிலும் ஆர்த்தியின் மணிக்கணக்குத் தாளைப் பார்த்தவளுக்கு ஒரு வியாழக்கிழமை உறுத்தியது. அன்று ஒற்றைக்கொம்பன் என்கிற காட்டு யானை ரோட்டை மறித்ததில் ஒரு ஜீப்பும் ஓடவில்லை. தாளில் ஆர்த்தி மட்டும் ஒன்றரை மணி வேலை பார்த்திருந்தாள்.

கேட்டதும் அவள் மழுப்பவில்லை. “ஜீப் ஸ்டாண்டுல வந்து நின்னேன்லக்கா.”

இந்துவுக்குச் சிரிப்பு வந்தது. காலையில் ஆளெடுக்கும் மஸ்டருக்கு வந்து நின்றவர்களுக்கு, மழையில் வேலை நின்றாலும் கங்காணி பேர் போடும் எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளை. பரீட்சை நடத்தும் வெளிநாட்டு வாரியம் கங்காணியைக் கண்டதில்லை. அந்த வியாழக்கிழமையை அடித்தால் மாதத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச மணியில் ஒன்றரை மணி துண்டு விழும். துண்டு விழுந்தால் அந்த மாதக் கணக்கே செல்லாது.

அடித்தாள். ஆர்த்தியின் முகம் சுண்டிப்போனது. சூரியநெல்லியில் அவள் பழக்கிவரும் பையன், கற்பகத்தின் மகனிடம் இன்றே வேலை பார்த்து ஈடுகட்டலாம் என்று, டிரைவர் சந்தனத்தின் ஜீப்பில் இருவரும் கிளம்பினார்கள்.

பாதி வழியில் ஒரு வளைவு தாண்டியதும் சந்தனம் இன்ஜினை அணைத்தார். எதிரே அதே கொம்பன், ரோட்டோரப் புல்லை நிதானமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. பையன் தூங்கிவிட்டான் என்று கற்பகம் செய்தி அனுப்பினாள்.

“இதயும் எழுதக் கூடாதாக்கா?” என்றாள் ஆர்த்தி.

“நிக்கிறதுக்கு மணி கெடயாது. பையன் வாய்விட்டுக் கேட்டதக் குறிச்சு வச்சிருக்கேல்ல, எடு. கிராஃப் போடு.”

பிள்ளையின் முன்னேற்றத்தை வரைந்து, அடுத்த படியைத் திட்டமிடுவதும் பயிற்சி மணிதான். ஆர்த்தி மடியில் தாளை விரித்தாள். கொம்பன் காதை விரித்து ஜீப்பை நோக்கி இரண்டடி வைத்தது. பென்சில் கோடு விருட்டென்று மேலே பாய்ந்தது.

இந்து யானையிலிருந்து கண்ணை எடுத்துத் தாளைப் பார்த்தாள். “அழி. பையன் அப்படி ஏறல.”

சந்தனம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருந்தார். மூவரையும் கொம்பன் வெகுநேரம் பார்த்தது. பிறகு ஏலக்காட்டுக்குள் இறங்கி மறைந்தது.

சந்தனம் சாவியைத் தொட்டார். இந்து தடுத்தாள். ஓடுகிற வண்டியில் எழுத்து ஓடாது. இன்னும் முக்கால் மணி பாக்கி.

பின்னால் சேர்ந்துவிட்ட ஜீப்புகள் ஹாரன் அடித்தன. “ஆனையே வழி விட்டுருச்சு,” என்றார் சந்தனம். “இப்ப ரோட்ட மறிக்கிறது நீங்கதான் டீச்சர்.”

“அப்பிடியே ஓரங்கட்டுங்கண்ணே,” என்ற இந்து, செல்போன் வெளிச்சத்தைத் தாளில் பிடித்தாள். “அடுத்த படி என்ன ஆர்த்தி? சொல்லிக்கிட்டே எழுது.”