மானை வெட்ட வேணும்!

போன புதன்கிழமை காலை. அலுவலகத்துக்குப் புறப்படுகிற அவசரத்தில் ஒரு கையில் கோட்டும் மறு கையில் கடித்த பாண் துண்டுமாக நிற்கிறேன். தொலைபேசி அடிக்கிறது. குலம் அண்ணை.

"பிள்ளை, நீ உவையின்ரை பாஷையிலை படிச்சனி. ஒருக்கா என்னோடை வந்து, அது உண்மையான மான்தான் எண்டு சொல்லுவியே?"

எந்த மான்? யாரிடம் சொல்ல? அதில் என்ன சந்தேகம்?

"ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணை."

"நான் மானை வெட்ட வேணும் எண்டு எழுதிப்போட்டன். இப்ப அவை ஸ்னக்குக்குக் கூப்பிடினம்."

டென்மார்க்கில் வாழாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். 'ஸ்னக்' என்றால் டெனிஷில் சும்மா கதைப்பது. ஆனால் பொறுப்பில் இருக்கும் ஒருவர், "கோப்பி குடித்தபடி ஒரு சின்ன ஸ்னக்" என்று உங்களை அழைத்தால், அங்கே உங்களைப் பற்றிய ஒரு முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். மேசையில் கேக்கும் இருந்தால் – ஏறக்குறைய அல்ல, முற்றாகவே.

குலம் அண்ணை ஹேர்னிங்கில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வார இறுதிகளில் எங்கள் நகரத்து ஐஸ் ஹொக்கி மண்டபத்தில் தொண்டராக நின்று, ரசிகர்களுக்குக் கோப்பியும் சொசேஜும் கொடுப்பவர். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாத மனிதர், வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் மற்றவர்களுக்காகச் சொசேஜ் சுட்டுக்கொண்டிருப்பதைக் காண்பது ஓர் ஆன்மீக அனுபவம். சம்பளம் கிடையாது. முதுகில் கழகத்தின் பெயர் எழுதிய ஒரு ஜக்கெட் கிடைக்கும். அதை அவர் கலியாண வீடுகளுக்கும் அணிந்து வருவார்.

சரி, மான் எங்கிருந்து வந்தது?

டெனிஷில் கோல் காப்பவரை 'மோல்மான்' என்பார்கள். நம்மவர்கள் முதலில் 'மோல்' என்பதைக் கைவிட்டார்கள். மீந்தது மான். "மான் இண்டைக்கு நல்லா நிண்டது", "மானுக்குக் கால் நோவாம்" – ஹேர்னிங் தமிழர் மத்தியில் இப்படித்தான் பேச்சு. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், எங்களில் பாதிப்பேர் மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்வதாகவே நம்பிவிட்டுப் போனார்.

இந்த மானின் பெயர் மிக்கெல். இளைஞன். பருவம் முழுவதும் அற்புதமாக ஆடியவன். ஆனால் பிளே-ஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்று தொடங்கியதும் ஏதோ நடந்துவிட்டது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பது விதி. நாங்கள் மூன்று, அவர்கள் மூன்று என்று தொடர் சமநிலைக்கு வந்திருந்தது. கடைசியாகத் தோற்ற ஆட்டத்தில், என் அம்மாவே போர்த்திக்கொண்டு நின்று தடுத்திருக்கக்கூடிய ஒரு பந்தை... மன்னிக்கவும், அது பந்து அல்ல, ரப்பர் வட்டு... மிக்கெல் உள்ளே விட்டுவிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டப்பட்டதா, பிறந்தநாள் யாருக்கு என்பதெல்லாம் ஆண்கள் மேசைக்குத் தெரியாது. அங்கே விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"முந்தி விழுறான்!" என்றார் குலம் அண்ணை. ஒரு கட்லட்டை வட்டாகவும், உப்புப் போத்தலை மிக்கெலாகவும் வைத்து விளக்கினார். "மற்றவன் அடிக்க முதலே இவன் முழங்காலிலை விழுந்திடுறான். மேல்மூலை ஆவெண்டு திறந்து கிடக்குது. வெட்ட வேணும்! மற்றப் பொடியனைப் போட வேணும்!"

எதிர்க்கட்சி, மரியதாஸ் அண்ணை. மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர், முதியோர் இல்லத்தில் வேலை. பொறுமையே உருவானவர், ஹொக்கி விஷயத்தில் தவிர.

"விசர்க் கதை கதையாதையும் குலம். கண்ணுக்கு முன்னாலை ரெண்டு மாடு மாதிரி ஆக்கள் நிண்டா, மான் என்னெண்டு பார்க்கிறது?"

"உமக்கு முழங்காலிலை நிக்கிறவை எல்லாரிலும் ஒரு இரக்கம். அது கோயிலிலை சரி. ஐஸிலை சரிவராது."

"நாங்கள் முழங்காலிலை நிண்டு கேட்டபடியாத்தான், காணும், மூண்டு மட்சாவது வெண்டது!"

மேசை அதிர்ந்தது. உப்புப் போத்தல் விழுந்தது. "பாத்தீரே? இப்பவும் முந்தி விழுந்திட்டான்," என்றார் குலம் அண்ணை.

இதுவரை எந்தப் பாதிப்பும் இல்லை. பனிச்சறுக்குக் காலணியை வாழ்நாளில் அணிந்திராத மனிதர்கள், அணிந்தவனுடைய தொழிலைத் திருத்துவது உலகெங்கும் உள்ள ஜனநாயக உரிமை. சிக்கல் என்னவென்றால், நம் காலத்தில் எந்த விவாதமும் மேசையோடு முடிவதில்லை. அது கைத்தொலைபேசிக்குள் போக வேண்டியிருக்கிறது.

குலம் அண்ணை கழகத்தின் முகநூல் பக்கத்தில், எல்லோரும் பார்க்கத் தமிழில் எழுதினார்:

'அடுத்த மட்சுக்கு முதல் மானை வெட்ட வேணும்.'

கீழே இன்னொருவர்: 'எப்பவோ வெட்டியிருக்க வேணும்.'

மரியதாஸ் அண்ணை, கருணையோடு: 'பாவம் அந்த மான். இன்னும் ஒரு நாளைக்கு விடுங்கோ.'

முகநூலின் மொழிபெயர்ப்பு இயந்திரம் இருக்கிறதே, அது கடமை தவறாதது. யாரும் கேளாமலே மூன்றையும் டெனிஷுக்கு மொழிபெயர்த்தது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னர் மானை அறுத்தாக வேண்டும். எப்போதோ அறுத்திருக்க வேண்டும். பாவம், அது இன்னும் ஒரு நாள் வாழட்டும்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் யூலாந்துப் பகுதி முழுவதும் விழித்துக்கொண்டது. வேட்டைக்காரர் ஒருவர், இது மான் வேட்டைக்கான காலம் அல்ல என்று மரியாதையாக நினைவூட்டினார். ஒரு பெண்மணி அழுகிற முகங்களை வரிசையாகப் போட்டார். அறிஞர் ஒருவர், இந்துக்கள் வெற்றிக்காக மானைப் பலியிடுவது தொன்மையான வழக்கம் என்று எழுதினார். எங்கே படித்தாரோ! இன்னொருவர், பிறர் பண்பாட்டை நாம் மதிக்கப் பழக வேண்டும் என்று அவரைக் கண்டித்தார். எனக்கு இந்தக் கடைசி மனிதர்தான் அதிக அச்சத்தைத் தந்தார். நம்மை வெறுப்பவருக்குப் பதில் சொல்லிவிடலாம். இல்லாத ஒரு வழக்கத்துக்காக நம்மை மதிப்பவரை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்துவிட்டது. தொண்டர்களுக்குப் பொறுப்பான பிர்கித் என்ற அம்மையார், கோப்பிக்கு வரச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ஏழாவது ஆட்டம். அதற்கு முந்திய நாள், அந்தப் புதன்கிழமை, ஸ்னக்.

காரில் போகும்போது குலம் அண்ணை ஜக்கெட்டை மடித்து மடியில் வைத்திருந்தார். திருப்பிக் கேட்பார்கள் என்று முடிவே செய்துவிட்டார்.

"நாளைக்கு என்னை உள்ளை விடாட்டியும் பரவாயில்லை பிள்ளை. மான் அவன்தான் எண்டு மட்டும் தெரியவரக் கூடாது. என்ரை மனிசி பொரிக்கிற ரோல்ஸ் ஒண்டு தின்னாமல் அந்தப் பொடியன் பயிற்சிக்குப் போறேல்லை. 'குலம், நீ இருந்தாத்தான் எனக்கு ராசி' எண்டு சொல்லுவான். அவன்ரை முகத்தை நான் என்னெண்டு பார்க்கிறது?"

நான் சமூகவியல் படித்தவள். எதற்கும் பின்விளைவு என்ன என்று எண்ணிப் பார்ப்பது எனக்குப் பட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட நோய். மான் உண்மையான மான்தான் என்று சொன்னால் குலம் அண்ணை தப்புவார். ஆனால் டென்மார்க்கின் இந்துக்கள் அனைவரும் அன்றே மான் அறுப்பவர்கள் ஆகிவிடுவோம். எங்கள் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். மான் என்பது மிக்கெல்தான் என்று உண்மையைச் சொன்னால்? ஒரு விளையாட்டு வீரனை அறுக்க வேண்டும் என்று தொண்டர் ஒருவர் பகிரங்கமாக எழுதியிருக்கிறார் என்றாகும். அது பிர்கித்தின் மேசையோடு நிற்குமா?

உண்மை ஒரு மனிதரைக் கெடுக்கும். பொய் ஒரு சமூகத்தைக் கெடுக்கும். இப்படியொரு கேள்வி என் பரீட்சைத் தாளில் வந்ததேயில்லை.

மேசையில் கேக் இருந்தது. குலம் அண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

பிர்கித் அம்மையார் மிகவும் பண்பாகத் தொடங்கினார். "நாங்கள் எல்லா மதங்களையும் மதிக்கிறோம். பலி கொடுப்பது உங்கள் தனிப்பட்ட நம்பிக்கை. ஆனால், குலம்... மண்டப வளாகத்தில் மட்டும் வேண்டாமே? கார் நிறுத்துமிடத்தில்கூட வேண்டாம். உணவுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வேறு வருவார்கள்."

பொய் தட்டில் வைத்து நீட்டப்பட்டுவிட்டது. நான் தலையாட்டினால் போதும். வெளியே போய்விடலாம். நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்...

குலம் அண்ணை எண்ணவில்லை.

"பலியோ? நான் வெள்ளிக்கிழமையிலை முட்டைகூடத் தொடுறேல்லை!" என்று முதலில் தமிழில் கொதித்தார். பிறகு டெனிஷில், எழுத்துப் பிசகாமல் சொன்னார்: "அது மான் இல்லை. அது மிக்கெல்!"

பிர்கித் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கேக் வெட்டும் கத்தியைச் சற்றுத் தள்ளி வைத்தார். அதையும் கவனித்தேன்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? மோல்மான் எப்படி மான் ஆனது என்று விளக்கினேன். வெட்டுவது என்றால் எங்கள் பேச்சில் அணியிலிருந்து நீக்குவது என்றேன். அவர் முகம் தெளியவில்லை. "பாருங்கள், நகரசபைகூட முதியோர் பராமரிப்புச் செலவை வெட்டுகிறது. அங்கே ரத்தம் வருவதில்லைதானே?"

"அது நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது," என்றார் பிர்கித். அவருடைய தாய் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம். முதன்முறையாகச் சிரித்தார்.

ஆனால் நேர்மையான நாடு இது. நேர்மையின் தொல்லை இருக்கிறதே! "இதை மிக்கெலும் அறிய வேண்டும்," என்று சொல்லி, பயிற்சியில் இருந்தவனை அழைத்துவிட்டார். கால்களில் மெத்தை மெத்தையாகக் கவசங்களோடு அவன் கதவுக்குள் பக்கவாட்டாக நுழைந்தான். கதை அவனுக்குச் சொல்லப்பட்டது. குலம் அண்ணை மடியிலிருந்த ஜக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால், நான் ஆடக்கூடாது என்கிறாயா குலம்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இயந்திரத்தின் பிழை என்று சொல்லியிருக்கலாம். அவர் தமிழில் என்ன சொல்லியிருந்தாலும் நான் அப்படித்தான் மொழிபெயர்த்திருப்பேன்.

"நீ முந்தி விழுறாய்," என்றார் குலம் அண்ணை. டெனிஷில்தான் சொன்னார். என் காதில் அது யாழ்ப்பாணத்துத் தமிழாகவே விழுந்தது. "அவன் அடிக்கட்டும். அதுவரைக்கும் நில்."

மிக்கெல் மேசைப் பக்கம் திரும்பினான். ஒரு துண்டு கேக்கை எடுத்தான். "அம்மாவும் இதையேதான் சொல்கிறாள்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கோபமா, வருத்தமா, பசியா? எங்கள் மூவருக்கும் விளங்கவில்லை.

ஜக்கெட் பறிக்கப்படவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: குலம் அண்ணை இனி எதை எழுதினாலும், அதை முதலில் ஒருவர் வாசித்து, பின்விளைவுகளை ஆராய்ந்து, அனுமதி தர வேண்டும். பிர்கித் என்னைப் பார்த்தார். கருத்துச் சுதந்திரம் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதிப் பட்டம் பெற்றவள், அன்று முதல் ஹேர்னிங்கின் தணிக்கை அதிகாரி.

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பயிற்சியாளர் மிக்கெலை வெட்டவில்லை. கோப்பிக் கடையில் ரோல்ஸ் பெட்டி மூடியபடி இருந்தது. ஆட்டத்துக்கு முன் அவன் அந்தப் பக்கமே வரவில்லை. குலம் அண்ணை சில்லறையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. மிக்கெல் நின்றான். அடிக்கும்வரை நின்றான். முழங்கால்கள் துடித்ததை நான் பார்த்தேன், ஆனாலும் நின்றான். மேல்மூலைக்கு வந்ததையெல்லாம் கையுறையால் பறித்தான். "பாத்தீரே, மான்!" என்று மரியதாஸ் அண்ணை கத்தினார். "பாத்தனான், பாத்தனான்!" என்று குலம் அண்ணை சொசேஜ் இடுக்கியை உயர்த்தினார். மேலதிக நேரம் வரை இழுத்த ஆட்டத்தில், எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் காலணியில் பட்டு, வட்டு எங்கள் வலைக்குள்ளேயே போய்விட்டது. தொடர் முடிந்தது. தோற்றுவிட்டோம்.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தபோது, நனைந்த தலையோடு மிக்கெல் வந்து கடையின் முன் நின்றான். குலம் அண்ணை பெட்டியைத் திறந்து நீட்டினார். அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். இன்னொன்றையும் எடுத்தான்.

"சரி, குலம். இப்போது யாரை அறுப்பது?"

குலம் அண்ணை ஆழ்ந்து யோசித்தார். "ட்ரேனரை," என்றார். ட்ரேனர் என்றால் டெனிஷில் பயிற்சியாளர். வாய் நிறைய ரோல்ஸ் இருந்ததால் மிக்கெல் மறுக்கவில்லை. ஆனால் கண்கள் சிரித்தன.

வீடு வந்து சேர்வதற்குள், தணிக்கை அதிகாரிக்கு முதல் விண்ணப்பம் வந்துவிட்டது. குலம் அண்ணை பயிற்சியாளரையும் தம் வழக்கப்படி சுருக்கியிருந்தார்: 'இந்த ட்ரேனை மாத்த வேணும். இதை நம்பி இனி ஒரு இடமும் போக ஏலாது.'

இயந்திரம் இந்த ட்ரேனை ரயிலாக்கிவிடும் என்று எனக்குத் தெரியும். ரயிலுக்காகக் குளிரில் காத்திருந்து உறைந்த யூலாந்துக்காரர்களை நினைத்துப் பார்த்தேன். பின்விளைவுகள் அனைத்தையும், என் பட்டத்துக்கு உரிய பொறுப்போடு, ஒவ்வொன்றாக எடைபோட்டேன்.

"போடுங்கோ அண்ணை," என்றேன்.

வேட்டைக்காரர், அழுத பெண்மணி, பலி அறிஞர் – எல்லோரும் கீழே ஒரே குரலில் 'ஆம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருங்கிணைவு என்று நான் படித்தது இதைத்தான் போலிருக்கிறது!