முதுகுக்கு முதுகாக உட்கார்ந்த அண்ணன் தம்பி

மெனெலாவோஸுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்பது ஏதென்ஸின் பெட்ராலோனா பேட்டை முழுக்கத் தெரிந்த சங்கதி. இளம் வயதில் கப்பலேறிப் போய்விடத் துடித்தார். அவருடைய அம்மா வாசலில் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டாள். கடைசியில் உள்ளூரிலேயே டிராலி பஸ் ஓட்டுநராக வேலை கிடைத்தது. மேலே மின்கம்பி போகும் வழியில்தான் அந்த வண்டி போகும். தலைக்கு மேல் கம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரே வளைவுகளில் சுற்றிச் சுற்றியே அவருக்குத் தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகு காலைப் பொழுதெல்லாம் நடைதான். மனைவி பொலிக்செனி பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள லாரிஸாவில் மகள் வீட்டோடு இருந்தாள். இவரும் போய் ஒரு வாரம் இருந்து பார்த்தார். “நீ கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடக்குறதப் பாத்துப் பாத்துக் குழந்தை தூங்க மாட்டேங்குது. நீ கிளம்பு சாமி” என்று அவளே ரயிலேற்றி அனுப்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவர் கொஞ்ச நேரமாவது நாற்காலியில் தங்குவார் என்றால், அது ஞாயிறு மதியம், அர்யிரோ நடத்தும் தவெர்னா என்கிற சாப்பாட்டுக் கடையில். பெரிய கடை ஒன்றும் இல்லை. மேசைமேல் காகித விரிப்பு, காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் கவ்வி, மூலையில் வைன் பீப்பாய்கள். வருகிறவர்கள் நேரே சமையலறைக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் என்ன வேண்டுமென்று சொல்வார்கள். மெனெலாவோஸின் அப்பா காலத்திலிருந்தே குடும்பம் அங்கேதான் சாப்பிட்டது.

அதே கடைக்கு, அதே நேரத்துக்கு, அவருடைய அண்ணன் ஸ்டாத்திஸும் வருவார். அச்சகத்தில் வேலை பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஆற அமர மென்று சாப்பிடுகிறவர். இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஜன்னல் பக்கம் தம்பி, பீப்பாய் பக்கம் அண்ணன், முதுகுக்கு முதுகாக. கடையை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை.

சண்டை அப்பாவின் அடக்கத்தன்று வந்தது. குழிக்குள் இறக்கி மண் போட்டு முடிந்த பிறகுதான் மெனெலாவோஸ் வந்து சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்துக் காப்பிக் கூடத்தில் உறவுக்காரர்களுக்கு வழக்கம்போல் பிராந்தியும் மீன் சூப்பும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் ஸ்டாத்திஸ் எழுந்து நின்று, “வந்துட்டான் பாருங்க. அப்பாவைப் பாக்க நேரமில்ல, சூப்புக்குச் சரியா வந்துட்டான்” என்றார். மெனெலாவோஸ் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். திரும்பி நடந்தவர்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பீப்பாய் பக்கத்து மேசை காலியாகக் கிடந்தது.

மெனெலாவோஸ் முதலில் கவனிக்காதது போல இருந்தார். எலுமிச்சையும் எண்ணெயும் விட்ட கீரை வந்தது; இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. உருளைக்கிழங்கோடு அடுப்பில் வெந்த ஆட்டுக்கறி வந்தது. முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். மேசைக்கடியில் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் கண்ணாடித் தம்ளர் சிணுங்கியது.

அர்யிரோ ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னய்யா, கறி வேகலையா?”

“வெந்திருக்கு.”

“அப்புறம் ஏன் கழுத்தை இந்தத் திருப்பு திருப்புற? இத்தனை வருஷமா அந்தப் பக்கம் பாக்காத கழுத்து. சுளுக்கிக்கப் போகுது.”

“நான் கதவைப் பாத்தேன்.”

“கதவு உனக்கு நேர் எதிர்ல இருக்கு.”

மெனெலாவோஸ் ரொட்டியைப் பிய்த்தார். பிறகு, யாரையோ பற்றிக் கேட்பது போல, “சொல்லிட்டுப் போனாரா?” என்றார்.

“யாரு?”

“அர்யிரோ, உயிரை வாங்காதே.”

“ஒண்ணும் சொல்லல. போன வாரம் பாதித் தட்டை அப்படியே வெச்சிட்டுப் போனான். உங்கண்ணன் தட்டுல சோறு மிச்சம் வெச்சு நான் பாத்ததே இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். “போய்ப் பாரேன்யா. மானம் ஒண்ணும் கரைஞ்சு போயிடாது.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி காலியாகிவிட்டது.

ஸ்டாத்திஸின் வீடு இரண்டு தெரு தள்ளி. மணியை அழுத்தினார், பதிலில்லை. விரலை எடுக்காமல் அழுத்தினார். எதிர்வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “அவர் காலையிலேயே கிளம்பிட்டாரே. சவரம் பண்ணி, நல்ல கோட்டு போட்டுக்கிட்டு, குன்றுப் பக்கம் போனார்.”

செத்துக் கிடக்கிறாரோ என்று பதறி வந்தவருக்கு இப்போது வேறொரு ஆத்திரம் பற்றிக்கொண்டது. வேறு கடையில் சாப்பிடவா போயிருக்கிறார்? அப்பா உட்கார்ந்த கடையை விட்டுவிட்டா? ஆத்திரம் ஒரு தெரு வரைக்கும்தான் தாங்கியது. பாதித் தட்டு நினைவுக்கு வந்ததும் நடையை எட்டிப் போட்டார். ஃபிலோபப்பு குன்றைச் சுற்றிக்கொண்டு அந்தப்புறத்துக் குகாக்கிப் பேட்டைக்கு இறங்கினார். வழியில் ஒரு தவெர்னாவையும் விடவில்லை. கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிவைத்து உள்ளே பார்த்தார். ஒரு கடையில் ஞானஸ்நான விருந்து நடந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்து மேசை மேசையாக முகம் பார்த்தவரை யாரோ மாமா என்று நினைத்து முத்தமிட்டு வைன் கொடுத்தார்கள். தம்ளரைக் கையில் வாங்கியவர் அடுத்த மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஒரு சந்தின் கோடியில், ஆரஞ்சு மரத்தடியில் போட்டிருந்த மேசையில் ஸ்டாத்திஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே முயல் கறி, சின்ன வெங்காயங்களோடு, ஆறிப் போயிருந்தது.

மெனெலாவோஸ் அருகில் போய் நின்றார். மூச்சு வாங்கியது. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக் கேட்டார்.

“சாப்பாடு நல்லாருக்கா இங்க?”

ஸ்டாத்திஸ் நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “உப்பே இல்ல” என்றார்.

“அப்புறம் எதுக்கு இங்க வந்த?”

“உன் முதுகைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு.”

“நீ எங்கடா என் முதுகைப் பாத்த? உன் முதுகுதான் என் பக்கம் இருக்கும்!”

“பீப்பாய்க்கு மேல கண்ணாடி மாட்டியிருக்குல்ல, அதுல தெரியும்டா, முட்டாள். எல்லா ஞாயித்துக்கிழமையும் தெரியும்.”

மெனெலாவோஸ் நாற்காலியை இழுத்தார்; உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உட்காருடா. புதன்கிழமை நெஞ்சைப் பிளக்கப் போறாங்க” என்றார் ஸ்டாத்திஸ். “வால்வு கெட்டுப் போச்சாம். அர்யிரோ கடையில உட்கார்ந்தா உங்கிட்டச் சொல்லிடுவேனோன்னு பயம். அதான் இங்க ஓடி வந்தேன்.”

“சொன்னா என்ன?”

“நீ வருவே. இல்ல, வர மாட்டே. எது நடந்தாலும் எனக்குத் தாங்காது.”

மெனெலாவோஸ் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு, மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

“அப்பா அடக்கத்தன்னிக்கு நான் வந்த வண்டி வழியில மாட்டிக்கிச்சுன்னு அப்புறமா எல்லார்கிட்டயும் சொன்னேன். வண்டியெல்லாம் ஒண்ணும் மாட்டல. நேரத்துக்கே வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன். அப்பாவை மண்ணுக்குள்ள வெக்கிறதைப் பாக்க முடியல. மதில் சுவரைச் சுத்திச் சுத்தி நடந்தேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“மதிலுக்கு மேல உன் தொப்பி போய்ட்டுப் போய்ட்டு வந்துச்சு. நான் பாத்தேன். பாதிரியார் ஜெபம் சொல்றார், நான் உன் தொப்பியைப் பாத்துட்டு நிக்கிறேன். இந்தச் சுத்துல வந்துடுவான், அடுத்த சுத்துல வந்துடுவான்னு…” ஸ்டாத்திஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “எனக்கும்தானேடா ஓடணும் போல இருந்துச்சு. என்னை அங்க தனியா நிக்க விட்டுட்டே.”

பரிமாறுகிறவர் வந்து இன்னொரு தட்டு வேண்டுமா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவரே ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஸ்டாத்திஸ் முயல் கறியில் பாதியை அதில் தள்ளினார். ஆறிப்போன, உப்பில்லாத அந்தக் கறியை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அண்ணனும் தம்பியும் தின்று முடித்தார்கள்.

புதன்கிழமை மெனெலாவோஸ் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்த நடையில் ஒரு நர்ஸம்மாவுக்கே பொறுமை போய்விட்டது. “ஐயா, உள்ளே இருக்கிறவருக்கு நெஞ்சு சரியாகிடும். உங்களைப் பாத்து எனக்குத்தான் படபடன்னு வருது. வெளியே போய் நடங்க” என்றாள். வெளியே போனார். ஆனால் கட்டடத்தைச் சுற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றார், கால் துடித்தது, சிகரெட் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்தது, ஆனாலும் நின்றார். சாயங்காலம் மருத்துவர் வந்து அண்ணன் பிழைத்துவிட்டார் என்று சொன்னபோதுதான் படியில் உட்கார்ந்தார்.

ஸ்டாத்திஸ் தேறி நடமாட வசந்தகாலம் ஆகிவிட்டது. வெளியே வந்த முதல் ஞாயிறே அண்ணனும் தம்பியும் அர்யிரோ கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். லாரிஸாவிலிருந்து பொலிக்செனி போனில் நம்பவே மாட்டேன் என்றாள். “ரெண்டு பேரும் ஒரே மேசையிலயா? யாரு முதல்ல பேசினது?” என்று கேட்டாள். “உப்பு” என்றார் மெனெலாவோஸ். அவளுக்கு விளங்கவில்லை, அவரும் விளக்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டாத்திஸ் நான்கைந்து வருஷம் இருந்தார். இருந்தவரை ஒரு ஞாயிறுகூடச் சண்டையில்லாமல் கழியவில்லை. மீன் புதுசா பழசா, ஆலிவ் காயை மருத்துவர் ஒன்றுக்கு மேல் தின்னலாம் என்றாரா இல்லையா, எதற்கும் சண்டை. அண்ணன் மெல்லுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தம்பி பாதியில் எழுந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றப் போவார். கடைசிப் பழத்தட்டு வருவதற்குள் வந்துவிடுவார்.