என் வீடு வந்த லாரி

எங்கள் வீட்டை இடித்த கல்லையும் மண்ணையும் யார்டில் நின்று இறக்கியது நான்தான். கட்டட இடிபாடுகளை அரைத்து மறுபடி உபயோகப்படுத்தும் இடம் அது. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. அங்கே எனக்கு மேற்பார்வை வேலை. வருகிற லாரியைப் பார்த்து செங்கல், கான்கிரீட், மரம், கம்பி என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

கணவர் இறந்த பிறகு வந்த முதல் மழையிலேயே வெள்ளம். வீட்டுக்குள் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்தபோது சமையலறைப் பக்கம் அஸ்திவாரம் இறங்கியிருந்தது. சுவரில் விரல் நுழைகிற விரிசல். பார்க்க வந்த இன்ஜினியர், "இதுல குடியிருக்க வேண்டாம்" என்றார். சரி என்றேன். மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். இடிக்க ஆள் சொன்னேன். எல்லாம் வேறு யாருக்கோ செய்து கொடுப்பதுபோல் இருந்தது.

இடிக்க வந்த ஒப்பந்தக்காரர், "ஓடையோரமா தட்டிட்டுப் போயிருதேன், யாரு கேக்கப் போறா?" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி, யார்டுக்கே கொண்டாங்க."

ஊரில் இடித்த வீடுகளில் பாதி அந்த ஓடைக்குள்தான் கிடக்கிறது. தண்ணீர் வடியாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அதை அவரிடம் விளக்கத் தெம்பில்லை.

லாரி வந்த அன்று காலையில் நாத்தனாரும் சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். கணவருக்கு ஒரே தங்கை. குவியலைப் பார்த்ததும் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இங்கன கொண்டாந்து கொட்டிட்டியளே மதினி."

"வேற எங்க கொட்ட?" என்றேன். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

"சமையக்கட்டுச் சுவரு அண்ணன் பூசினதுல்லா?"

ஆமாம். கொத்தனார் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வந்து அவரே பூசினார். சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. அலமாரி ஒட்டி நிற்காது. அதன் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தே காலத்தை ஓட்டினேன்.

அவளுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் கொடுத்தேன். இருவரும் குவியலுக்குள் தேடினோம். பச்சை பெயின்ட் ஒட்டிய உள்ளங்கையகலக் காரைத் துண்டு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்களும் ஒண்ணு எடுத்துக்கிடுங்க மதினி."

"எனக்கு வேண்டாம்."

"ஒங்களுக்குக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலயே."

"வரல."

 அவள் சேலை முந்தானையால் என் கன்னத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டாள்.

வெள்ளத்தில் ஊறிய செங்கல் முழுக்க உப்புப் பூத்திருந்தது. அதில் நடைபாதைக் கல் செய்தால் சீக்கிரம் பொரிந்துபோகும். பள்ளம் நிரப்பத்தான் ஆகும். அப்படியே ஒதுக்கச் சொன்னேன். மெஷின் ஓட்டுகிறவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அரைக்கலாமா மேடம்?"

"அரைங்க."

தூசி அடங்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ஒரு லாட்ஜை இடித்த இடிபாட்டோடு இன்னொரு லாரி வந்தது. ஃபால்ஸ் சீலிங் அட்டையையும் கல்லோடு கலந்து ஏற்றியிருந்தார்கள். கையை விடுவித்துக்கொண்டு போய் டிரைவரிடம் சத்தம் போட்டேன். திரும்பி வந்தபோது குவியலில் பாதி இல்லை. அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

பஸ் ஏற்றிவிடும்போது, "ஒரு வாரம் எங்ககூட வந்து இருங்களேன்" என்றாள். லீவு கிடைக்காது என்றேன். நான் லீவு கேட்டிருக்கவே இல்லை.

அரைத்த செங்கல் துறைமுகம் பக்கம் லாரிகள் நிறுத்தும் மைதானத்தை மேடாக்கப் போனது. வேலைக்குப் போகும்போது பஸ் அதைத் தாண்டித்தான் போகும். சில நாள் பார்ப்பேன். சில நாள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மனையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டாயிற்று. ஞாயிறுதோறும் நாத்தனார் போன் செய்து, "மறுபடி கெட்டுவியளா மதினி?" என்று கேட்கிறாள். தெரியவில்லை என்கிறேன். அவளும் கேட்பதை விடவில்லை.