ஒதுங்கி நின்றவர்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாருக்காவது உயிர் போகிற நிலை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை இருப்புக்கொள்ளவில்லை என்றால், கிடைத்த காரில் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலிலும் முன்விளக்கைப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் பறப்பார்கள். ஜன்னல் வழியாக ஒருவர் கையை நீட்டித் துண்டை ஆட்டிக்கொண்டே வருவார். அந்தத் துண்டுக்கு இருக்கிற மரியாதை போக்குவரத்து போலீஸ்காரரின் கைக்குக்கூடக் கிடையாது. லாரிக்காரர் ஒதுங்குவார், பஸ்காரர் ஒதுங்குவார், யாருக்கும் வழி விட்டுப் பழகாத காலேஜ் பையன்கூட ஒதுங்குவான். உள்ளே இருப்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. துண்டு தெரிந்தால் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கணவரும் ஒதுங்கினார்.

அவருக்கு நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் வேலை. நான் பூஞ்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்கள் இரண்டு பேருடைய பெற்றோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். மாதச் சம்பளம் என்பதை எங்கள் குடும்பங்களில் நாங்கள்தான் முதலில் பார்த்தோம். காலை ஷிஃப்ட் முடிந்து, மதியத்துக்கு மேல் அவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் தெற்கே வருவார். தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் ஹெல்மெட் போடுவார். "முட்டை வாங்கப் போறதுக்கு இன்னாத்துக்கு கிரீடம்?" என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

அன்று விடுமுறை நாள். மாமல்லபுரம் பார்க்க வந்தவர்கள் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்ததால், வடக்கே போகிற பாதை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த நெரிசலில் கடப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு காரும் மாட்டிக்கொண்டது. ஓட்டியவன் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவன். பின்சீட்டில் அவன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டியபடி கிடந்தார். எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? நடுத்திட்டில் கிடைத்த இடைவெளியில் காரைத் திருப்பி, எதிர்ப்பாதையில் ஏற்றினான். தெற்கே வருகிற பாதையில் வடக்கே போனான். பின்சீட்டில் இருந்த அவன் அம்மா துண்டை வெளியே ஆட்டிக்கொண்டு வந்தாள்.

என் கணவர் துண்டைப் பார்த்தார். பைக்கை இடது ஓரத்துக்கு, தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி நின்றார். கார் அதுவரை நடுத்திட்டை ஒட்டித்தான் வந்தது. ஒரு பஸ் இன்னொரு வண்டியை முந்துவதற்காக அதே திட்டை ஒட்டி எதிரே வந்துவிட்டது. பஸ்ஸில் மோதாமலிருக்க அவன் காரை ஓரத்துக்கு ஒடித்தான். அந்த ஓரத்தில்தான் இவர் வழி விட்டு நின்றிருந்தார்.

நிற்காமல் போய்க்கொண்டே இருந்திருந்தால் தப்பித்திருப்பார் என்று பஸ் டிரைவர் போலீஸில் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் அந்த மனிதர்.

அந்த அப்பாவை வேறு யாரோ தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் கணவரை ஆம்புலன்ஸ் எடுத்துப் போனது. இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார்கள். அந்த அப்பாவுக்கு ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து, நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த அறிவுரைகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடையே போட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, "உங்க அப்பாவா இருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க டீச்சர்?" என்று கேட்டார். பாஸ்டர் மன்னிக்கச் சொன்னார். புரட்டிப் படுக்கவைப்பதற்கும், துடைப்பதற்கும், தொண்டைச் சளியை மெஷின் வைத்து எடுப்பதற்கும் நடுவில் எனக்கு மன்னிக்க நேரம் இல்லை. கோர்ட்டில் அந்தப் பையனின் வக்கீல், உயிர் காக்கும் அவசரம் என்றார். வெளியே வந்து வராந்தாவில் நான் அவரைக் கேட்டேன்: "அவங்க அப்பா உயிரு உயிரு, எதுக்க வர்றவன் உயிரு மயிரா?" டீச்சர் வாயில் வரக் கூடாத வார்த்தைதான். இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தாலும் அதே வார்த்தையில்தான் கேட்டிருப்பேன்.

கோபப்பட வேண்டியவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எப்போது கேட்டாலும் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஒன்றையே சொல்வார்: "துண்டு காட்டிகினு வந்தாங்க, ஒதுங்கினேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?" அவருடைய பங்குக் கோபத்தையும் நானே பட்டேன். சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, கரும்பலகையில் எழுதும்போது என்று எந்த நேரமும் அது என்னிடம் இருந்தது. உண்மையைச் சொன்னால், அதுதான் என்னை நிற்க வைத்திருந்தது.

பிழைத்த பெரியவர் மாதம் தவறாமல் கடப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். மகன் ஒருமுறை வந்து காலில் விழுந்ததோடு சரி. பெரியவர் உள்ளே வரமாட்டார்; வாசல்படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த மீன் பையைப் பக்கத்தில் வைப்பார். முதல் இரண்டு முறை அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது முறை உள்ளேயிருந்து இவர், "மீனு மேல இன்னா கோவம்? கொழம்பு வை" என்றார். வைத்தேன். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

கிளம்பும்போது பெரியவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "நான் அன்னிக்கே போயிருக்கலாம்மா."

நான் வாய் திறக்கமாட்டேன். ஆமாம் என்பதுதான் என் பதில். அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் அடுத்த மாதமும் வந்தார்.

ஒரு முகூர்த்த நாள் காலை, என் கணவருக்கு மூச்சு முட்டியது. மெஷினை எத்தனை முறை வைத்தும் சளி வரவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், கிளம்பிவிட்டது என்றார்கள். கிளம்பியிருக்கும். ஆனால் அவர் உதடு என் கண்ணெதிரே நீலமாகிக்கொண்டிருந்தது. நாவலூருக்கு ஆபீஸ் ஆட்களை ஏற்றிப்போகிற கார் ஓட்டும் எதிர்வீட்டுத் தம்பி, நான் கூப்பிடுவதற்கு முன்பே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டார். பின்சீட்டில் நான் உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டி செங்கல்பட்டு வரை எப்படியோ வந்துவிட்டோம். ஊருக்குள் நுழைகிற இடத்தில், நடுவில் சிமெண்ட் தடுப்பு போட்ட சாலையில், லாரி ஒன்று பழுதாகி நின்றிருந்தது. அதன் பின்னால் கல்யாண வண்டிகள், பஸ்கள், எல்லாம் அப்படியே நின்றன.

தம்பி திரும்பிப் பார்த்தார். "அக்கா, இப்டியே நின்னுகினு இருந்தா அண்ணாத்த தாங்கமாட்டாரு. தோ அந்த கேப்புல பூந்து ராங் சைடுல ஏத்திட்றேன். துண்ட எடுத்து வெளிய ஆட்டு."

அவர் வாயைத் துடைத்த துண்டு என் கையிலேயே இருந்தது.

மடியில் கிடந்த தலை அசைந்தது. அவரால் அசைக்க முடிந்தது அது ஒன்றைத்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைத்தார். "வாணாம்" என்றார். காற்று மட்டும்தான் வந்தது, ஆனால் சொல் எனக்குப் புரிந்தது.

இத்தனை காலம் அவருக்குக் கோபமே இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் உள்ளே என்ன வைத்திருந்தார் என்று தெரிந்தது. தெரிந்தும் தம்பியிடம், "போப்பா" என்றேன். ஜன்னலை இறக்கி, கையை முழங்கைவரை வெளியே நீட்டி, துண்டை ஆட்டினேன்.

என்ன யோசித்தேன் என்று கேட்டால், எதையும் யோசிக்கவில்லை. சட்டம், கோர்ட், வராந்தாவில் நான் பேசிய பேச்சு, எதுவும் அந்த நேரத்தில் கிட்டே வரவில்லை. அவர் சாகக் கூடாது, அது மட்டும்தான் இருந்தது.

எதிரே வண்டிகள் ஒதுங்கின. ஒரு பைக் வந்தது. ஓட்டியவருக்கு என் கணவர் வயதுதான் இருக்கும். பின்னால் பட்டுப்புடவையில் அவர் மனைவி, கையில் மஞ்சள் தாம்பூலப் பை. துண்டைப் பார்த்ததும் அவர் பைக்கை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு காலை ஊன்றினார். போங்க போங்க என்று கையைக் காட்டினார். அப்போது ஒரு மினி வேன் எங்களுக்கு நேரே வந்துவிட, தம்பி காரை ஓரத்துக்கு ஒடித்தார்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. கார் அவர்களை ஒட்டிப் போனது. நான் நீட்டியிருந்த துண்டின் முனை அந்தப் பெண்ணின் தோளில் உரசியது. திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் அப்படியே நின்றுகொண்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்வது போல நெஞ்சில் கை வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். தொண்டையில் குழாய் போட்டுச் சளியை எடுத்து மூச்சை மீட்டார்கள். அடுத்த நாள் குழாயைக் கழற்றியதும் அவர் பேசினார். வலிக்கிறது என்றோ தண்ணீர் என்றோ சொல்வார் என்று குனிந்தேன்.

"எதுக்க யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"ஒதுங்கினாங்களா?"

"ஒதுங்கினாங்க."

"எந்தப் பக்கம்?"

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சாலையைப் பற்றி என்னிடம் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. காய்ச்சல் திரும்பி, நுரையீரல் முழுக்கப் பரவி, அந்த வாரத்துக்குள் போய்விட்டார். அந்த அவசரம் எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்தச் சில நாட்களைத்தான். அந்த நாட்களில் அவர் என்னைப் பார்த்த பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தாம்பூலப் பைக்காரர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். எனக்கும் நாவலூர்ப் பையனுக்கும் உள்ள வித்தியாசம் அது ஒன்றுதான். அதுவும் நான் செய்ததில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் பெரியவர் வந்தார். மீன் கொண்டுவரவில்லை. வழக்கம்போல வாசல்படியில் உட்கார்ந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துண்டு உரசியதுவரை. ஏன் அவரிடம் சொன்னேன் என்றால், வேறு யாரிடம் சொன்னாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அவர் கேட்டார்: "அப்ப எம்புள்ள செஞ்சது சரின்றியாம்மா?"

"இல்ல."

"நீ செஞ்சது?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் இன்னாதாம்மா பண்றது?"

அவர் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தார். அன்று அவர், நான் போயிருக்கலாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆமாம் என்று நினைக்க இந்த முறை என்னிடம் கோபம் இல்லை. அது இருந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவும் இல்லை.

கடப்பாக்கத்துக்குப் போகிற பஸ் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும். அவருக்குக் கண் சரியாகத் தெரியாததால் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். நடுவில் திட்டு இருக்கிற சாலை. இந்தப் பாதையில் தெற்கிலிருந்துதான் வண்டி வர வேண்டும். தெற்கே பார்த்தேன், ஒன்றும் இல்லை. வடக்கேயும் பார்த்தேன். பெரியவரும் வடக்கே பார்த்தார். காலை எடுத்து வைக்காமல் இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தோம்.