ஒரு தட்டு என்றால் ஏ

ஆள் இல்லாத வீட்டில் அவ்வப்போது மனுசப் பேச்சு கேட்க வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. வெளிநாட்டில் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் கீரனூர்ப் பக்கம் தெருவுக்கு இரண்டு பூட்டிக் கிடக்கும். செவ்வாய், வெள்ளிகளில் சொந்தக்காரர் யாராவது போய்க் கதவைத் திறந்து, கூட்டி, விளக்குப் போட்டு, சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் வேறு எதுவோ வந்து குடியேறிவிடுமாம். வேறு எதுவோ என்றால் எது என்று கேட்டால், "ஒனக்கு வாய் ஜாஸ்தி" என்று பதில் வரும். எனக்கு வாய் ஜாஸ்திதான். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அந்த நினைப்பின் புண்ணியத்தில்தான் எங்களுக்குப் படிக்க ஓர் இடம் கிடைத்தது. என் கல்லூரித் தோழி எனக்கு இரண்டு வருடம் இளையவள். அவளுடைய பெரியப்பா மகன் குவைத்தில் வேலை பார்த்தார். திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவருடைய மாடி வீடு. கட்டி முடித்துப் பால் காய்ச்சியதோடு சரி, யாரும் குடியிருக்கவில்லை. சாவி தோழியிடம் இருந்தது. வங்கித் தேர்வுக்குப் படிக்க இடமில்லாமல் அல்லாடுகிறோம் என்று அவள் போனில் சொன்னதும், "தாராளமா அங்க போய் உக்காந்து படிங்க. ஆனா மனசுக்குள்ள படிக்கக் கூடாது. சத்தமாப் படிக்கணும், வீட்டுக்குக் கேக்கணும்" என்றாராம். ஹாலின் மூலையில் கேமரா ஒன்று மாட்டியிருந்தார். அதன் சிவப்பு விளக்கு எந்நேரமும் எரியும். அங்கிருந்தே வீட்டைப் பார்த்துக்கொள்வார் என்பதால் நாங்கள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஒழுங்காக உட்காருவோம்.

நாங்கள் மூன்று பேர். நான், தோழி, அப்புறம் மீமிசலிலிருந்து வந்து கீரனூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்த ஒருத்தன். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். "ஒரு வேல வாங்கிட்டுத்தான் ஊருக்குள்ள கால் வைப்பேன்" என்று சபதம் போட்டுவிட்டு, மாதம் ஒரு தடவை கருவாடு எடுத்துவர ஊருக்குப் போய்விடுவான். அவர்கள் இரண்டு பேருக்கும் இன்னும் காலம் இருந்தது. எனக்கு அது கடைசித் தேர்வு. அதற்குமேல் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன்.

அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "இந்தத் தடவ எழுதிப் பாருத்தா. வரலன்னா விட்டுரு. மாப்ள வீட்டுக்காரவங்க எத்தன நாளைக்குத்தான் காத்திருப்பாங்க?" அந்த மாப்பிள்ளை வீட்டில் பெண் வேலைக்குப் போகும் வழக்கம் இல்லை. அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலமும் ரீசனிங்கும்தான் காலை வாரின. அதுவும் தெரியாமல் போய்த் தோற்றால் பரவாயில்லை. முதலில் சரியான விடையைத்தான் நினைப்பேன். அப்புறம் ஒரு சந்தேகம் வரும். மாற்றிவிடுவேன். 'ஹி இஸ் சீனியர் டேஷ் மீ' என்று ஒரு கேள்வி. மனசு உடனே 'to' என்று சொல்லும். இவ்வளவு சுலபமாகவா கேட்பான் என்று யோசித்து, 'than' போட்டுவிட்டு வருவேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறதே உனக்கு வேலையாகப் போச்சு என்று தோழி தலையில் அடித்துக்கொள்வாள்.

விடையை வாயால் சொல்லவிட்டால் நான் ஒவ்வொரு கேள்விக்கும் சண்டை பிடிக்கிறேன் என்று மீமிசல்காரன் ஒரு புது வழி கண்டுபிடித்தான். ஒருத்தர் புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகக் கேள்வி வாசிக்க வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் விரல் முட்டியால் தரையில் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் ஏ, இரண்டு என்றால் பி, அப்படியே டி வரைக்கும். விடை தப்பு என்றால் வாசிக்கிறவர் உள்ளங்கையால் தரையில் ஓங்கி ஓர் அறை அறைவார். அந்த வெற்று வீட்டில் அது பட்டாசு மாதிரி கேட்கும். நான்தான் நிறைய அறை வாங்கினேன்.

வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு மத்தியானம். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. தோழி வாசித்தாள். எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள், சில புத்தகங்கள் மேஜைகள், ஆகவே எந்த முடிவு சரி என்கிற வகைக் கேள்வி. மீமிசல்காரன் மூன்று தட்டினான். நான் நான்கு தட்டினேன். தோழி விடையைப் பார்க்கப் பக்கத்தைப் புரட்டினாள். அப்போது ஸ்டோர் ரூம் கதவோரத்திலிருந்து இரண்டு தட்டு கேட்டது. டொக், டொக். கூடவே கண்ணாடி வளையல் குலுங்குகிற சத்தம்.

"ஏய், நீயாடி?" என்றாள் தோழி. என் கையைத் தூக்கிக் காட்டினேன். நான் வளையல் போடுவதில்லை. அவள் கையில் புத்தகம் இருந்தது, அவளுக்கும் வளையல் கிடையாது. அவள் மெதுவாக விடையைப் பார்த்தாள். பி.

"பல்லியா இருக்கும்க்கா" என்றான் மீமிசல்காரன்.

"எந்த ஊர்ல பல்லி வளையல் போட்டுருக்கு?"

"இல்லக்கா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு..."

"இங்க எங்கடா இருண்டிருக்கு? பட்டப்பகல்!" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. பட்டப்பகலில் பயப்படுகிற மாதிரி ஒரு கஷ்டம் வேறு கிடையாது. விளக்கைப் போட்டுக்கொள்ளக்கூட வழியில்லை.

மூன்று பேரும் சேர்ந்து போய் ஸ்டோர் ரூமைத் திறந்தோம். மிச்சம் விழுந்த டைல்ஸ், பிரிக்காத மிக்ஸி பெட்டி, சீர் வந்த அண்டா. எல்லாவற்றின் மேலும் தூசி, அதில் ஒரு கால் தடம் இல்லை. ஆனால் கதவுக்கு வெளியே, சுவரோரம், ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்குத் தரை மட்டும் பளபளவென்று இருந்தது. "நான் இங்கிட்டுத் தொடைக்கவே இல்லடி" என்றாள் தோழி. அவள் குரல் அழுகிற மாதிரி வந்தது.

அப்போதுதான் நான் கேமராவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடச்சீ! ஒங்க அண்ணன்தான்டி. இப்பல்லாம் கேமராவுலயே அங்கிட்டு இருந்து பேசலாம்ல? நம்ம படிக்கிறதப் பாத்துட்டு அவரும் தட்டுறாரு." வளையல் சத்தம் என்று தோழி இழுத்தாள். இணையத்தில் வருகிற சத்தம் அப்படித்தான் கரகரக்கும் என்று அடித்துச் சொன்னேன். போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றான் மீமிசல்காரன். தோழி பதறிவிட்டாள். "வேணாம். அவரா இல்லாட்டி? அந்த வீட்டுல என்னமோ இருக்குன்னு பேச்சு கெளம்பிருச்சுன்னா அண்ணன் பாடுபட்டுக் கட்டுன வீடு என்னத்துக்கு ஆகும்?" அது நியாயமாகப் பட்டது. அவராகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டோம். மனுசனுக்கு வேண்டியது ஒரு காரணம்தானே.

அதற்குப் பிறகு அந்தத் தட்டு தினமும் வந்தது. எங்கள் இரண்டு பேருடைய தட்டுக்கும் பின்னால் மூன்றாவதாக, கதவோரத்திலிருந்து. ஒருநாள்கூடத் தப்பாக வந்ததில்லை. ஒருநாள் வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு இடப்பக்கம் யார் என்ற கணக்கு. புரியவில்லை என்று தோழி சொன்னதால் மீமிசல்காரன் எங்களையே வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்தான். இது நான், இது நீங்க, இது அக்கா என்று வட்டம் போட்டவன், கதவோரத்துக்கு நேராக இன்னொரு வட்டமும் போட்டான்.

"அது யாருடா?"

"கேள்வில நாலு பேருக்கா" என்றான். அவன் அந்த வட்டத்தைப் பார்க்கவில்லை.

தேர்வுக்குச் சில நாள் முன்பு, தோழி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். மீமிசல்காரன் இன்னும் வரவில்லை. நான் மட்டும் தனியாக உட்கார்ந்து கேள்வியை உரக்க வாசித்தேன், வீட்டுக்காரர் சொன்னபடி. இரண்டு தட்டினேன். கதவோரமும் இரண்டு தட்டியது. வழக்கம்போல எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று தட்டினேன். உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விழுந்தது. வளையல்கள் அதிர்ந்தன. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "சரி சரி, தெரியுது! முதல்ல போட்டதுதான் சரி, போதுமா?" என்று கேமராவைப் பார்த்துக் கத்தினேன். அப்புறம் வெட்கமாக இருந்தது. "கோச்சுக்காதீங்கண்ணே. எனக்கு இது கடைசித் தடவ" என்றேன். பிறகு கதவோரத்தில் ஒரே ஒரு தட்டு, மெதுவாக. நான் கேள்வி எதுவும் கேட்டிருக்கவில்லை.

திருச்சிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் தேர்வு. ஏசி அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், மவுஸ் சொடுக்குகிற சத்தம். ஆங்கிலப் பகுதியில் என் பழைய நோய் வந்துவிட்டது. ஒரு விடையை மாற்றக் கையைக் கொண்டுபோனேன். இப்போது அந்த உள்ளங்கை அறை விழ வேண்டுமே என்று காது தானாகக் காத்திருந்தது. ஒன்றும் விழவில்லை. அண்ணன் குவைத்தில் இருக்கிறார், இந்தக் காலேஜில் ஏது கேமரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு ஒரு விடையைக்கூட மாற்றவில்லை.

தேறிவிட்டேன். அப்பா பட்டியலில் என் எண்ணைத் தன் கண்ணால் பார்த்த பிறகும் நம்பாமல், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அப்புறம் கொல்லைப் பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு அதோடு நின்றது. மீமிசல்காரனுக்கு ரயில்வேயில் கிடைத்தது. தோழி மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

குவைத்துக்காரர் விடுமுறைக்கு வந்தபோது நான் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். தோழியும் இருந்தாள். நேரில் பார்த்தால் அமைதியான மனிதர், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்கிறவர். "வாத்தா, உக்காரு. நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து ஒங்க சத்தத்தப் போட்டுட்டுத்தான் படுப்பேன். டேஷ் டேஷ்னு நீங்க படிக்கிறதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். நம்ம வீட்டுல இருக்குற மாதிரி இருக்கும்" என்றார்.

"நீங்க தட்டித் தட்டிச் சொல்லிக் குடுத்ததாலதாண்ணே நான் பாஸ் பண்ணேன்" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "நான் எங்கத்தா தட்டுனேன்? அந்தக் கேமராவுல பாக்கலாம், கேக்கலாம். இங்கிட்டு இருந்து சத்தம் எதுவும் குடுக்க முடியாது. அதுக்கு வேற மாடல் வாங்கணும்."

நான் தோழியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுறது அந்தப் புள்ளைல்ல?" என்றார் அவர். "ஸ்டோர் ரூம் கதவோரமா உக்காந்திருக்குமே, நாலாவது புள்ள. கேமராவுல மொகம் விழாது. பச்ச வளையல் போட்ட கை மட்டுந்தான் தெரியும். ஒங்கள்லயே அதுதான் வெவரம். நீங்கல்லாம் போனப்புறமும் அது கொஞ்ச நேரம் உக்காந்திருக்கும். படிப்புல அம்புட்டு ஆசைபோலன்னு நெனச்சுக்குவேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார், "அந்தப் புள்ளைக்கு வேல கெடச்சிருச்சா?"

என்ன சொல்வேன்? இந்த மனிதர் வியர்வை சிந்திக் கட்டிய வீடு. நாளைக்குப் பெண்டாட்டி பிள்ளையோடு இங்கே குடிவரப் போகிறவர். அதைவிட, அந்தப் பெண்ணை நினைத்தேன். யாரோ, எந்த ஊரிலோ, எந்த வருடத்திலோ, எங்களைப் போலவே தரையில் உட்கார்ந்து படித்தவள். வயது வரம்பு எல்லாருக்கும்தான் தாண்டிப்போகிறது. நல்லதைச் சொல்வோமே என்று நினைத்தேன்.

"கெடச்சிருச்சுண்ணே" என்றேன். "நல்ல வேல."

"நல்லாருக்கட்டும்" என்று அவர் இனிப்பைப் பிய்த்து வாயில் போட்டார்.

ஸ்டோர் ரூம் கதவோரத்திலிருந்து, உள்ளங்கையால் ஓங்கித் தரையில் ஓர் அறை விழுந்தது.